பிரெஞ்சு உணவகத்தில் முதல் மதியச் சாப்பாடு: பினாங்குக்காரர்களுக்கு ஒரு செய்முறை

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடு ஒன்றில் புதிதாகப் பிரெஞ்சு உணவகம் திறந்தால், நம்மில் பலர் வாசலில் வைத்திருக்கும் மெனுவைப் படித்துவிட்டு அப்படியே நடையைக் கட்டிவிடுகிறோம். விலை ஒரு காரணம், பெயர்கள் புரியாதது இன்னொன்று. இரண்டுக்குமே வழி இருக்கிறது. அந்த மதியத்தை மட்டும் முழுசாக ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். அவசரமாகச் சாப்பிட்டால் கொடுத்த காசுக்குப் பாதிச் சுகம்தான்.

படி 1: நாள் பாருங்கள்

முதல் தடவையே இரவுச் சாப்பாட்டுக்குப் போக வேண்டாம். பல இடங்களில் மதியம் செட் லஞ்ச் உண்டு: இரண்டு அல்லது மூன்று தட்டு, ஒரே விலை. அதே சமையல்காரர், அதே அடுப்பு, செலவு மட்டும் குறைவு. இது பெரும்பாலும் வார நாள்களில்தான் கிடைக்கும். இதற்காக ஒரு நாள் லீவு போட்டாலும் தப்பில்லை. கடை புதுசு என்றால் ஒரு மாதமாவது போகட்டும், அடுப்படி ஒரு நிலைக்கு வந்திருக்கும். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் வியாழன் போங்கள். புரட்டாசி விரதக்காரர்கள் அந்த மாதம் முடியும்வரை பொறுப்பது நல்லது.

படி 2: போன் போட்டு மேசை சொல்லி வையுங்கள்

12.30 சரியான நேரம். தாமதமாகப் போனால், அடுப்படியை மூடும் அவசரம் உங்கள் மேசைக்கும் வந்து சேரும்.

படி 3: எதில் சமைத்தது என்று கேளுங்கள்

இதுதான் நமக்கு முக்கியம். அம்மாவையோ மாமியாரையோ அழைத்துப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள்.

வெங்காய சூப்பை எடுத்துக்கொள்வோம். வெண்ணெயில் வெங்காயத்தைப் பொறுமையாக, பழுப்பு நிறம் வரும்வரை வதக்கி, சூப் ஊற்றி, மேலே ரொட்டித் துண்டும் சீஸும் வைத்துச் சூட்டில் உருக்கித் தருவார்கள். பெயரைப் பார்த்தால் சைவம். ஆனால் அந்தச் சூப் வழக்கமாக மாட்டெலும்பைக் கொதிக்க வைத்து எடுத்த சாறு. கோழிக்கு ஊற்றும் சாஸில்கூடக் கன்றுக்குட்டி எலும்புச் சாறு இருக்கலாம். கீஷ் லொரேன் என்ற முட்டை டார்ட்டில் பன்றி இறைச்சித் துண்டுகள் உண்டு. கொக் ஓ வேன் என்பது கோழிதான், ஆனால் சிவப்பு வைனில் வெந்தது, அதிலும் பன்றி இறைச்சி சேர்ப்பது வழக்கம். முஸ்லிம் நண்பர்கள் கூட வருகிறார்கள் என்றால், ஹலால் சான்றிதழ் உண்டா என்பதைப் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது வாத்துக் கொன்ஃபி. வாத்துத் தொடையை உப்பில் ஊற வைத்து, வாத்துக் கொழுப்பிலேயே மணிக்கணக்கில் மெதுவாக வேகவிட்டு, பரிமாறுவதற்கு முன் தோலை மொறுமொறுவென்று ஆக்கித் தருவார்கள். முள்கரண்டியால் லேசாகத் தொட்டாலே சதை எலும்பை விட்டுக் கழன்று வரும். சைவத்துக்கு ரத்தத்துய் கேளுங்கள். நீஸ் நகரத்துப் பக்குவம் அது: கத்தரிக்காய், தக்காளி, குடைமிளகாய், சுக்கினி. நம் நாக்குக்கு உடனே பிடிக்கும்.

படி 4: தட்டுகளின் வரிசையை மாற்றாதீர்கள்

பிரெஞ்சுக்காரர்களின் விருந்து முறையை யுனெஸ்கோ 2010இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. முதல் தட்டு, காய்கறியோடு மீன் அல்லது இறைச்சி, சீஸ், கடைசியில் இனிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வருவது அந்த முறையின் அடிப்படை. செட் லஞ்சில் சீஸ் பெரும்பாலும் இருக்காது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பச் சொல்லாதீர்கள். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் வரும் அந்தப் பத்து, பதினைந்து நிமிடம் பேசுவதற்குத்தான். கைத்தொலைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள்.

ரொட்டியைக் கத்தியால் வெட்ட வேண்டாம், கையால் பிய்த்துச் சாப்பிடலாம். மீதி சாஸை அதில் தொட்டு வழித்துச் சாப்பிடுவதைச் சாதாரண உணவகங்களில் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

சாப்பிட்டு முடித்ததும் கத்தியையும் முள்கரண்டியையும் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வாழையிலையை மடிப்பது மாதிரிதான் இது. அப்படி வைக்காதவரை தட்டை எடுக்கலாமா என்று பரிமாறுபவருக்குத் தெரியாது.

படி 5: இனிப்பு, அப்புறம் கோப்பி

கிரெம் ப்ரூலே இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம். மேலே உருக்கிய சர்க்கரை கண்ணாடித் தகடாக இறுகியிருக்கும். கரண்டியின் முதுகால் ஒரு தட்டு தட்டினால் டக்கென்று உடையும். மேல் தகட்டின் லேசான கசப்பும், அடியில் இருக்கும் குளிர்ந்த கஸ்டர்டும் ஒரே வாயில் சேர வேண்டும், ஆகவே கரண்டியை அடிவரை இறக்கி எடுங்கள். கஸ்டர்டை இறுக வைப்பது முட்டை மஞ்சள் கரு. முட்டை சாப்பிடாதவர்கள் சொர்பே கேட்கலாம், பழச்சாற்றை உறைய வைத்துச் செய்த ஐஸ் அது.

கோப்பி இனிப்போடு வராது, அதற்குப் பிறகுதான். சின்னக் கோப்பையில், பால் இல்லாமல்.

படி 6: பில்

பிரெஞ்சு வழக்கப்படி நீங்கள் கேட்காமல் பில் வராது. அது கவனக்குறைவு இல்லை, மரியாதை. மெனுவில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறிகள் இருந்தால், சேவைக் கட்டணமும் சேவை வரியும் தனி. பொதுவாக 10 விழுக்காடும் 6 விழுக்காடும். 60 ரிங்கிட் செட் கிட்டத்தட்ட 70 ரிங்கிட் ஆகிவிடும். தண்ணீர் கேட்கும்போது போத்தல் தண்ணீரா, சாதாரணத் தண்ணீரா என்று தெளிவாகச் சொல்லுங்கள். போத்தலுக்குத் தனிக் காசு. சேவைக் கட்டணம் வாங்கிய இடத்தில் டிப்ஸ் கட்டாயமில்லை. உங்களை அவசரப்படுத்தாமல் பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்கத் தோன்றினால் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.