ஆயில் லைட் எரிந்த பிறகு டிப்ஸ்டிக்கைத் தேடாதீர்கள்

டேஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி வடிவில் ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது காட்டுவது ஆயிலின் அளவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது அழுத்தத்தைக் காட்டும் விளக்கு. பல கார்களில் ஆயில் அழுத்தம் அரை பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அருகே இறங்கினால்தான் எரியும். அந்த நேரத்தில் பேரிங்குகளுக்குப் போதுமான ஆயில் போய்க்கொண்டிருக்காது. ஓட்டும்போது எரிந்தால் அடுத்த பெட்ரோல் பங்க் வரை கூடப் போகாதீர்கள். ஓரங்கட்டி இன்ஜினை உடனே ஆஃப் செய்யுங்கள். ஆயில் அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் பம்ப், பிக்கப் வடிகட்டி, அழுத்த சுவிட்ச் மூன்றில் ஒன்றில் கோளாறு இருக்கலாம். எது என்று தெரியும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம், வண்டியை ஏற்றிக்கொண்டு போவதே சரி.

இந்த நிலைமை வராமலிருக்க மாதம் இருமுறை, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். இன்ஜினை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால்தான் மேலே தெறித்த ஆயில் கீழே வடிந்திருக்கும். முதல் தடவை உருவும்போது தெரியும் அளவை நம்பாதீர்கள். குழாயின் உட்சுவரில் ஒட்டிய ஆயிலும் அதில் பூசியிருக்கும். துடைத்து, முழுதாகச் செருகி, மறுபடி உருவிப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பெரும்பாலான கார்களில் ஏறக்குறைய 1 லிட்டர். குறைந்திருந்தால் 250 மி.லி. ஊற்றி, சில நிமிடம் விட்டு, திரும்பவும் பாருங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடலாம். நுரை அழுத்தத்தைத் தாங்காது, சீல்களிலும் கசியத் தொடங்கும்.

அளவைப் பார்த்த கையோடு அந்த ஒரு சொட்டையும் விரல்களுக்கிடையே தேய்த்துப் பாருங்கள். கறுத்திருப்பது மட்டும் குற்றமில்லை, டீசல் இன்ஜினில் புது ஆயிலே சீக்கிரம் கறுத்துவிடும். நறநறவென்று உறுத்தினாலோ வெயிலில் பிடிக்கும்போது மினுங்கும் துகள் தெரிந்தாலோ உள்ளே ஏதோ பாகம் தேய்கிறது. பெட்ரோல் வாசம் அடித்து, தண்ணீராக ஓடினால், எரியாத எரிபொருள் ஆயிலில் கலக்கிறது. பால் ஊற்றிய காப்பி நிறத்தில் இருந்தால் கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், கலந்திருக்கிறது. பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட் போயிருக்கும், வண்டியை எடுக்காதீர்கள். ஆயில் மூடியின் அடியில் மட்டும் லேசான பழுப்பு ஏடு படிந்திருந்தால் பயம் வேண்டாம். குளிர்காலத்தில் கொஞ்ச தூரமே ஓடும் வண்டியில் ஈரம் அப்படிப் படிவதுண்டு.

ஆயில் மாற்றும் கெடு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது, என்று பல கையேடுகள் சொல்லும். உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதையே கேளுங்கள். தூசிப் பாதை, நெரிசல், ஐந்து நிமிடப் பயணங்கள் என்றால் இன்னும் முன்னதாகவே மாற்றுங்கள். 5டபிள்யூ-30 போன்ற எண் ஆயிலின் பாகுத்தன்மையை மட்டும் சொல்கிறது, கையேட்டில் உள்ள தர முத்திரையும் பொருந்த வேண்டும். நீங்களே மாற்றுவதானால் தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்துங்கள், ஜாக்கியை நம்பி அடியில் போகவே கூடாது. ஆயிலை வடிக்கும் திருகான டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர் போடுங்கள். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் ரப்பர் வளையமும் கூடவே வந்ததா என்று பாருங்கள். அது இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருந்து, அதன்மேல் புது வளையம் உட்கார்ந்தால், ஸ்டார்ட் செய்த சற்று நேரத்தில் ஆயில் முழுக்கப் பீய்ச்சி வெளியேறும். திருகும் வகை ஃபில்டர் என்றால் புது வளையத்தில் கொஞ்சம் ஆயில் தடவி, அது தொட்ட பிறகு கையாலேயே முக்கால் சுற்று இறுக்கினால் போதும்.

கூலன்ட் விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு, குறையும்போதெல்லாம் குழாய்த் தண்ணீரை ஊற்றுவது. உப்பு படிந்து ரேடியேட்டர் குழல்கள் அடைக்கும், உள்ளே துரு ஏறும். காய்ச்சி வடித்த தண்ணீரும் கூலன்டும் பாதிக்குப் பாதி என்பதே பொதுவான கலவை. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், ஒரே நிறத்தில் வெவ்வேறு வகைகள் உண்டு. வெப்ப முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, ஓரங்கட்டி ஆஃப் செய்யுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் அடிக்கும். ஏறிய முள் திடீரென்று இறங்கினாலும் நிம்மதி அடையாதீர்கள். கூலன்ட் வடிந்துபோய் சென்சார் வெறும் காற்றில் நின்றாலும் முள் அப்படித்தான் காட்டும்.

மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாகப் பார்க்கலாம், சில நேரம் எரிபொருள் மூடி சரியாக மூடாததே காரணமாக இருக்கும். கண் சிமிட்டுவது போல மின்னினால் மிஸ்ஃபயர், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுப் பாழாக்கும், அதனால் ஆக்சிலரேட்டரை விட்டு நிறுத்துங்கள். கோளாறுக் குறியீடு படிக்கும் ஸ்கேனரில் பி0301 வந்தால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர். அதன் காயிலை (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்) இரண்டாவது சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு ஓட்டினால் பி0302 வருகிறதா? அப்படியானால் கெட்டது காயில். எண் மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். குறியீட்டைப் படித்த உடனே பாகம் வாங்கப் போவதுதான் வீண் செலவுக்கு முதல் வழி.

புகையில் நீலம் தெரிந்தால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகம் அல்லது காற்று குறைவு, ஏர் ஃபில்டரை முதலில் பாருங்கள். இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாசத்தோடு வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் எரிகிறது. சிவப்பு பேட்டரி விளக்கு ஓட்டத்தில் எரிந்தால், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைச் சுற்றும் பெல்ட்டைப் பாருங்கள். பல இன்ஜின்களில் அதே பெல்ட்தான் கூலன்டைச் சுழலவைக்கும் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது.

வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட் மட்டும் பெரும்பாலும் எந்த எச்சரிக்கையும் தராமலேயே அறுந்துவிடும், அதற்கென்று விளக்கும் கிடையாது. பல இன்ஜின்களில் அறுந்த அந்த நொடியிலேயே பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். கையேட்டில் கி.மீ. கெடுவோடு வருடக் கெடுவும் இருக்கும். குறைவாக ஓடிய வண்டிக்கும் வருடக் கெடு பொருந்தும். பழைய வண்டி வாங்கி, பெல்ட் மாற்றிய பதிவு கிடைக்கவில்லை என்றால், மற்ற எந்த வேலைக்கும் முன்பாக அதை, இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரோடும், அந்தப் பெல்ட்டே சுற்றுவதாக இருந்தால் வாட்டர் பம்போடும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.