நீண்ட தூர பைக் பயணம்: நிறுத்தத் தெரியாததால் வரும் தவறுகள்

முதல் ஐம்பது கிலோமீட்டர் வரை, வண்டியை நாம்தான் ஓட்டுகிறோம் என்ற நினைப்பு இருந்துகொண்டே இருக்கும். கியர், க்ளட்ச், கண்ணாடி என்று மனம் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டு வரும். அப்புறம் எப்போது என்று தெரியாமல் அது விட்டுப்போகிறது. கண் வளைவின் கடைசியைத் தேடுகிறது, உடம்பு தானாகச் சாய்கிறது, கால் சொல்லாமலே கியரை மாற்றுகிறது. இந்தச் சுகத்துக்காகத்தான் நாள் முழுக்க வெயிலிலும் காற்றிலும் உட்கார்ந்திருக்கிறோம். நான் செய்த தவறுகளையும் கூட வந்தவர்கள் செய்த தவறுகளையும் சேர்த்துப் பார்த்தால், பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன: நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாதது. தனியாகப் போனால் ‘போதும், நில்’ என்று சொல்ல ஆளில்லை. கூட்டமாகப் போனால் ‘எனக்கு முடியவில்லை’ என்று சொல்ல வெட்கம்.

முதல் தவறு கிளம்பும் முன்பே, தூரத்தைத் திட்டமிடும்போதே நடந்துவிடுகிறது. அமெரிக்காவில் அயர்ன் பட் அசோசியேஷன் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. 24 மணி நேரத்தில் 1,000 மைல், அதாவது சுமார் 1,610 கிலோமீட்டர் ஓட்டி முடிப்பவர்களுக்கு ‘சாடில்சோர் 1000’ சான்றிதழ் தருகிறார்கள். கேட்டதும் வேகம்தான் நினைவுக்கு வரும். வகுத்துப் பாருங்கள்: சராசரி மணிக்கு 67 கிலோமீட்டர்தான், நிற்கும் நேரமும் சேர்த்து. ஒரே சீராக ஓட்டுவதும், எங்கே நிற்பது என்று முன்பே முடிவு செய்வதும்தான் அதில் வேலை. புதிதாகக் கிளம்புபவர்கள் நேர்மாறாகச் செய்கிறார்கள். முதல் பயணத்திலேயே 700 கிலோமீட்டர் என்று எழுதிக்கொண்டு, தாமதமானதை வேகத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார்கள். முதல் தடவைக்கு ஒரு நாளுக்கு 250, 300 போதும். செயலி எட்டு மணி நேரம் என்று காட்டினால் நான் பத்தரை என்று எழுதிக்கொள்வேன்.

வண்டியை ஊருக்குக் கிளம்பும் முந்தின நாள் சர்வீஸ் விடுவதும் பலர் செய்வது. அக்கறையில் செய்வதுதான், ஆனால் சரியாக முடுக்காத போல்ட்டும் அளவுக்கு மேல் இறுக்கிய செயினும் ஓட்டிய பிறகுதான் தெரியும். ஒரு வாரம் முன்பே முடித்து, நூறு கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். டயர் காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது, மூட்டை ஏற்றிய எடைக்குச் சொல்லியிருக்கும் அளவில் பிடிக்க வேண்டும். கனமான சாமான் கீழேயும் உடம்புக்கு அருகிலும் இருக்கட்டும். பின்பெட்டியில் எல்லாவற்றையும் திணித்தால் முன்சக்கரம் இலேசாகி, வேகத்தில் ஹேண்டில் அலையும். புது ஹெல்மெட்டை முதல் தடவையாக நீண்ட பயணத்தில் போடாதீர்கள். கடையில் தெரியாத நெற்றி அழுத்தம் ஒரு மணி நேரத்தில் தலைவலியாகிவிடும்.

உடம்பு தரும் தகவலைக் கேட்காமல் விடுவதுதான் என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய தவறு. ஓட்டும்போது வியர்வை காற்றில் உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போகிறது என்றே தெரியாது. தாகம் எடுக்கும் வரை காத்திருக்கக் கூடாது. கடும் வெயிலில் ஜாக்கெட்டை முழுக்கத் திறந்துவிட்டால் சுகமாக இருக்கும் என்று தோன்றும். காற்று நம் தோலைவிடச் சூடாக இருக்கும் நாளில் அது அடுப்பின் முன்னால் நிற்பது மாதிரி, உடம்பை இன்னும் சீக்கிரம் உலர்த்தும். குளிரில் இதே காற்று விரலை மரக்க வைக்கும். மரத்த விரல் பிரேக்கைத் தாமதமாகத்தான் பிடிக்கும்.

தூக்கம் சொல்லாமல் வருவதில்லை. இன்டிகேட்டரை அணைக்க மறப்பது, கியர் மாற்றம் தடுமாறுவது, கடந்துவந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாமல் போவது, எல்லாம் அதன் முன்னறிவிப்புதான். ஒருமுறை நான் திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டி வெகுதூரம் போன பிறகுதான் விழித்தேன். கண் திறந்துதான் இருந்தது, பார்க்கவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வினாடி கண் அசந்தால் வண்டி சுமார் 67 மீட்டர் போயிருக்கும். ஹெல்மெட் கண்ணாடியைத் திறந்துவிடுவதும் சத்தமாகப் பாடுவதும் சில நிமிடம்தான் தாங்கும். பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, ஒரு காபி குடித்துவிட்டு இருபது நிமிடம் படுங்கள். காபி வேலை செய்ய ஏறக்குறைய அரை மணி ஆகும், எழும்போது சரியாக இருக்கும். பின்மதியமும் விடியலுக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரமும் உடம்பு தானாகவே தூக்கத்துக்கு இழுக்கும் நேரம். அந்த நேரத்துக்கு மலைப்பாதையை வைத்துத் திட்டமிடாதீர்கள்.

பைக் கிளப்போடு போவது வேறு மகிழ்ச்சி. கண்ணாடியில் வரிசையாக விளக்குகள் தெரியும்போது வரும் நிறைவு தனியாகப் போகையில் கிடைக்காது. ஆனால் முன்னால் போகிறவரின் பின்விளக்கையே பார்த்துக்கொண்டு ஓட்டும் பழக்கம் கூட்டத்தில்தான் வருகிறது. அவர் ஒரு லாரியை முந்தினால் நாமும் முந்துகிறோம். அவருக்கு இருந்த இடைவெளி நமக்கு இருக்காது. முந்துவதை ஒவ்வொருவரும் தன் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். பின்தங்கினால் பரவாயில்லை, லீட், அதாவது முதல் வண்டியில் வழிநடத்திப் போகிறவர், காத்திருப்பார்.

நேரான அகலச் சாலையில் மாறி மாறி, அதாவது முதல் வண்டி பாதையின் ஒரு பக்கமும் அடுத்தது சற்றுப் பின்னால் மறுபக்கமுமாக ஓட்டுவது வழக்கம். குறுக்காக முன்னால் இருப்பவருக்கும் நமக்கும் ஒரு வினாடி, நேர் முன்னால் இருப்பவருக்கு இரண்டு வினாடி இடைவெளியாவது வேண்டும். வளைவுகளில் இது கூடாது, ஒற்றை வரிசைக்கு மாறி இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

புதியவரைக் கடைசியில் விடுவது கிளப்கள் அடிக்கடி செய்யும் தவறு. வரிசை நீண்டு சுருங்கும்போது கடைசி ஆள்தான் எல்லோரையும்விட வேகமாக ஓட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். புதியவரை லீடுக்கு நேர் பின்னால் வையுங்கள், அனுபவமுள்ளவர் ஸ்வீப்பாக, அதாவது எல்லோருக்கும் கடைசியில் வரட்டும். இருபது வண்டி இருந்தால் ஐந்தாறு வண்டி கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். பெட்ரோலுக்கு நிற்கும் தூரத்தைச் சிறிய டாங்க் உள்ள வண்டியை வைத்துத்தான் கணக்கிட வேண்டும். நல்ல லீட், நின்ற இடத்தில் ‘எல்லாரும் ஓகேவா’ என்று பொதுவாகக் கேட்டுவிட்டுப் போக மாட்டார். ஒவ்வொருவரிடமும் தனியாகப் போய்க் கேட்பார். அப்போதுதான் உண்மையான பதில் வரும்.

தனியாகப் போகிறவர் போகும் வழியை ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போக வேண்டும். இரத்த வகையும் அவசரத் தொடர்பு எண்ணும் பையில் இருந்தால் பயனில்லை, ஜாக்கெட்டில் இருக்கட்டும். மற்றபடி, தனிப் பயணத்தில் நான் வருத்தப்படுவது ஒன்றுதான்: ஓர் ஏரியையோ மரத்தடியையோ பார்த்து ‘நிற்கலாமா’ என்று தோன்றியும் நிற்காமல் கடந்தது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லாத போதே நிற்கவில்லை என்றால் எப்போது நிற்பது?

கடைசி முப்பது கிலோமீட்டரில் ‘வந்துவிட்டோம்’ என்று மனம் முன்னால் போய்விடும். அதற்கு முன்பே ஒருமுறை நின்று தண்ணீர் குடியுங்கள். போய்ச் சேர்ந்ததும் சாமானை இறக்கும் முன் செயினுக்கு எண்ணெய் போடுங்கள், சூடாக இருக்கும்போதுதான் நன்றாக உள்ளே இறங்கும். எஞ்சின் ஆறும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். எண்ணெய்க் கையோடு அதைக் கேட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நான் மறுபடி கிளம்புவேன்.