மலைப்பாதைக்கு கார் வாங்குமுன் மைலேஜைக் கணக்கிடுவது எப்படி?

கார் விளம்பரங்களில் காணும் ஏ.ஆர்.ஏ.ஐ. (இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம்) மைலேஜ், ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் சக்கரங்களை ஓடவிட்டு அளக்கப்படுவது. அதில் கொண்டை ஊசி வளைவு ஏது? ஆகவே அந்த எண்ணை இரண்டு கார்களை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அடர்த்தி குறைந்து, டர்போ (காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் கருவி) இல்லாத சிறிய இன்ஜின் இழுவையை இழக்கும். ஆள் நிறைந்த காரை இரண்டாம் கியரிலேயே ஏற்ற வேண்டியிருக்கும்.

வாங்க நினைக்கும் மாடலை வைத்திருக்கும் குன்னூர்க்காரர் எவரேனும் தெரிந்திருந்தால், மேட்டுப்பாளையத்தில் டேங்க்கை நிரப்பி, உதகை வரை ஏறி இறங்கி, அதே பெட்ரோல் பங்கில் மீண்டும் நிரப்பச் சொல்லுங்கள். ஓடிய கிலோமீட்டரை இரண்டாம் முறை ஊற்றிய லிட்டரால் வகுத்தால் கிடைப்பதே நம்பத்தக்க மைலேஜ். நியூட்ரலில் உருட்டி வந்த கணக்கை ஏற்காதீர்கள்: அது ஆபத்து, மேலும், கியரில் இறங்கும்போது இன்றைய இன்ஜின்கள் பெரும்பாலும் எரிபொருளைத் தாமே நிறுத்திவிடுவதால், நியூட்ரலில் மிச்சமும் இல்லை.