அரசியல் அறிவியல் ஆய்விதழின் மேற்கோள் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதழ்களின் மேற்கோள் கணக்கை, அதாவது கட்டுரை ஒன்றுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் என்பதை, போட வரும் ஆராய்ச்சி மாணவர்கள் வருடா வருடம் ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். ஆண்டை மாற்றிப் போடுவது, ஒரே கட்டுரையை இரண்டு தடவை எண்ணுவது எல்லாம் தானாகவே கண்ணில் பட்டுவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

எதால் வகுக்கிறோம் என்று பார்க்காதது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவர் 'அமெரிக்கன் பொலிட்டிக்கல் சயின்ஸ் ரிவ்யூ' இதழுக்குத் தானே கணக்கிட்ட வரைபடத்தோடு வந்தார். 2003 வரை தரையோடு ஊர்ந்த கோடு 2004இல் எழும்பி, 2005இல் விர்ரென்று ஏறியிருந்தது. "2001இல் ஆசிரியர் மாறினார் சார், அதன் பலன்" என்று அரை அத்தியாயமே எழுதிவிட்டார். எக்செல்லைத் திறக்கச் சொன்னேன். 2002 முடிய வரிசை வரிசையாக நூல் மதிப்புரைகள். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. 2003இல் 'பெர்ஸ்பெக்டிவ்ஸ் ஆன் பாலிடிக்ஸ்' தொடங்கியபோது மதிப்புரைகள் மொத்தமும் அங்கே போய்விட்டன. வகுக்கும் எண் சுருங்கியதில் கோடு ஏறியிருக்கிறது, அவ்வளவுதான். அத்தியாயத்தை முதலிலிருந்து எழுத வேண்டியதாயிற்று.

வெப் ஆஃப் சயின்ஸ் தரவுத்தளத்தை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் இதழ்களுக்குப் போடும் சராசரி மேற்கோள் எண்ணான இம்பாக்ட் ஃபாக்டரில், முந்தைய இரண்டு ஆண்டுகளில் இதழில் வந்த எதற்கு மேற்கோள் கிடைத்தாலும் மேலே சேரும், தலையங்கமும் மதிப்புரையும்கூட. கீழே வகுப்பதற்கு மட்டும் ஆய்வுக் கட்டுரைகளும் மீளாய்வுக் கட்டுரைகளும்தான். நியாயமா என்றால், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனாலும் அவர்கள் எண்ணோடு ஒப்பிடுவதானால் அதே விதிப்படி போடுங்கள். சொந்தக் கணக்கு என்றால் மேலேயும் கீழேயும் கட்டுரைகள் மட்டும். அப்புறம், வெப் ஆஃப் சயின்ஸில் ஆவண வகையைத் தேர்வு செய்யும்போது 'ரிவ்யூ' (மீளாய்வுக் கட்டுரை) வேறு, 'புக் ரிவ்யூ' (நூல் மதிப்புரை) வேறு. அவசரத்தில் இரண்டையும் டிக் செய்தால் பெர்ஸ்பெக்டிவ்ஸ் மாதிரி இதழ் பாதாளத்துக்குப் போய்விடும்.

இரண்டு ஆண்டோடு நிறுத்துவது

அரசியல் அறிவியலில் ஒரு கட்டுரை நடுவர்களைத் தாண்டி அச்சேறவே வெகுகாலம் ஆகும். அதைப் படித்துவிட்டு எழுதுபவரும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும். ஐந்தாண்டுக் கணக்கையும் கொடுங்கள். ஸ்கோபஸ் தரவுத்தளம் இதழ்களுக்குப் போடும் சைட்ஸ்கோர் எண் நான்கு ஆண்டுகளைப் பார்க்கிறது, கூகுள் ஸ்காலரின் எச்5 குறியீடு ஐந்தை. மூன்றையும் ஒரே பட்டியலில் கலந்து போட்டு வரிசைப்படுத்தாதீர்கள்.

சராசரியைக் கட்டுரைக்கு ஒட்டுவது

2006இல் 'பொலிட்டிக்கல் அனாலிசிஸ்' இதழில் பிராம்போர், கிளார்க், கோல்டர் மூவரும் எழுதிய ஒரு புள்ளியியல் கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் வாங்கியது. அதே இதழில் வந்ததாலேயே மற்ற கட்டுரைகளுக்கு அந்த மவுசு வந்துவிடாது. இடைநிலை எண்ணையும் (மீடியன்) பக்கத்தில் போடுங்கள்.

பொருளாதார இதழோடு ஒப்பிடுவது

வேண்டாம்.

மின்னஞ்சலில் வரும் 'இம்பாக்ட் ஃபாக்டர்'

'எங்கள் இம்பாக்ட் ஃபாக்டர் இவ்வளவு' என்று ஏதாவது இதழ் மின்னஞ்சல் அனுப்பினால், கிளாரிவேட் அந்த எண்களை வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் அந்த இதழின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணைத் தொடவே தொடாதீர்கள்.