படுத்த படுக்கையாக இருப்பவருக்கு வீட்டிலேயே அரசு மருத்துவம்

தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. ஆனாலும் இது பிரஷர், சுகர் மாத்திரைக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு பிசியோதெரபிஸ்ட், புற்றுநோய் முற்றியவருக்கும் எழ முடியாதவருக்கும் வலிநிவாரண செவிலியர் என்று இவர்களும் வீடு தேடி வருவார்கள். வயிற்றின் வழியாக டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கான திரவப் பைகளும் கிடைக்கும். எல்லாமே இலவசம்.

கிராமத்தில் துணை சுகாதார நிலையச் செவிலியரிடமும், நகரத்தில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சொல்லிப் பெயரைப் பதியுங்கள். அரசின் மருத்துவ உதவி எண்ணான 104-க்கு அழைத்தும் விசாரிக்கலாம். ஆதார் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, பழைய மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

என் பெரியம்மாவுக்கு முதுகில் படுக்கைப்புண். நாங்கள் தினமும் பவுடர் போட்டுக்கொண்டிருந்தோம். வந்த செவிலியர் முதலில் அதை நிறுத்தச் சொன்னார். உப்புக் கரைசலால் துடைத்துக் கட்டுப்போட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, முழங்கால்களுக்கு நடுவே தலையணையை எங்கே வைப்பது என்று என் கையைப் பிடித்தே காட்டினார். இதை யாரும் அதுவரை எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

செவிலியர் தினமும் வரமாட்டார், இரவில் தங்கவும் மாட்டார். அதனால் அவர் வரும் நாளில் பார்த்துக்கொள்கிறவர் கட்டாயம் வீட்டில் இருங்கள். சந்தேகங்களை முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திடீரென மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் செவிலியருக்காகக் காத்திருக்காமல் உடனே 108-க்கு அழையுங்கள்.