ஒரு கை வராதவங்களுக்கு சமையக்கட்ட எப்படி மாத்தி வெக்கறது

எங்க அத்தைக்கு ஸ்ட்ரோக் வந்து இடது கையும் காலும் விழுந்து ரெண்டு வருஷம் ஆச்சு. நாங்க இருக்கறது கேரளாவுல, பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறை பக்கம், வைத்தியம் பார்த்ததெல்லாம் கோயமுத்தூர்ல. வீட்டுக்கு கூட்டிட்டு வந்த புதுசுல நான் அவங்கள ஒரு வேலையும் தொட விடல, சோறு கூட கையில கொண்டுபோய் குடுப்பேன், ஒரு நாள் "கண்ணு, என்னைய விருந்தாளி மாதிரி உக்கார வெக்காத, வெங்காயமாச்சும் உரிக்கறேன்"னு சொல்லி அழுதுட்டாங்க. அப்புறந்தான் "உங்களுக்கு என்ன வேலை செய்யணும்னு இருக்குதுங்க அத்தை?"ன்னு கேட்டேன். நீங்களும் இந்த கேள்விய மொதல்ல கேட்டுருங்க. காய் நறுக்கணும், கொழம்பு வெக்கணும்னாங்க. தேங்காய் துருவறது அவங்களுக்கு ஒரு கையில வரல, அது இப்ப எங்க வீட்டுக்காரர் வேலை.

காய் நறுக்க அருவாமனை வேண்டாம். மரப்பலகையில துருப்பிடிக்காத ஆணி ரெண்ட ஒரு விரல் இடைவெளி விட்டு அடியிலிருந்து அடிங்க, முனை மேல நீட்டிக்கிட்டு நிக்கணும். அதுல காய குத்தி நிறுத்திட்டா ஒரே கையில நறுக்கிரலாம், பலகை நகராம இருக்க அடியில ஈரத்துணி விரிச்சா போதும். வேலை முடிஞ்சதும் ஆணி மேல ஒரு உருளைக்கிழங்க குத்தி வெச்சிருங்க, இல்லாட்டி குழந்தைங்க கைய வெச்சிரும்.

ரொம்ப நேரம் நிக்க முடியாது, அதனால உக்காந்து சமைக்கணும். அதுக்காக கேஸ் அடுப்ப கீழ இறக்கி வெக்காதீங்க, அடுப்பு எப்பவும் சிலிண்டர விட உயரத்துலதான் இருக்கணும். தாழ்வான டேபிள் மேல இண்டக்சன் வெச்சுக்கலாம், காந்தம் ஒட்டற பாத்திரமா பார்த்து வாங்கணும். ஒரு கையில கிளறும்போது சட்டியும் சேர்ந்து சுத்தும், நாங்க நீளமா கைப்பிடி இருக்கற சட்டி வாங்கி அந்த கைப்பிடி முட்டி நிக்கற மாதிரி ஒரு செங்கல் வெச்சிருக்கோம். மட்ட அரிசிய ஒரு கையில கஞ்சி வடிக்க விடவே விடாதீங்க, ஜல்லிக்கரண்டியில அள்ளி வேற பாத்திரத்துல போட்டுக்கட்டும், கொஞ்சம் நேரமாகும் அவ்வளவுதான்.

இத முக்கியமா சொல்லணும். விழுந்த பக்கம் சூடு தெரியாம போறதுண்டு. அத்தையோட இடது கை ஒருதடவை சூடான குக்கர் மேல பட்டுட்டே இருந்திருக்கு, அவங்களுக்கே தெரியல, சாயங்காலம் கொப்புளத்த பார்த்துத்தான் எனக்கு தெரிஞ்சுது, ரொம்ப வேதனையா போச்சு. அதுக்கப்புறம் அடுப்பு எப்பவும் நல்லா இருக்கற கைப்பக்கம்தான், விழுந்த கை மடியில இருக்கணும். தண்ணி சூடு பார்க்கறதும் நல்ல கையிலதான்.

துணி புழிய, குழாய்ல ஒரு சுத்து போட்டு ரெண்டு முனையையும் ஒண்ணா பிடிச்சு முறுக்கினா நல்லாவே புழிஞ்சிரும்.

பேப்பர் வேலைய தள்ளிப்போடாதீங்க. 2016 ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்துல பல சலுகைகளுக்கு 40 சதவீதமோ அதுக்கு மேலயோ ஊனம்னு சர்டிபிகேட் வேணும், யூடிஐடி கார்டு (ஊனமுற்றவங்களுக்கு குடுக்கற அடையாள அட்டை) இந்தியா பூரா செல்லும், ஆனா பென்சன் நம்ம குடியிருக்கற ஸ்டேட்டு குடுக்கறது, கோயமுத்தூர்ல வைத்தியம் பார்த்தோம்கறதுக்காக தமிழ்நாட்டு பணம் வராது. அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்கறவங்க இதுலதான் கொழம்பிக்கறாங்க.

கேரளாவுல 2008லயே பாலியேட்டிவ் கொள்கை (தீராத நோய்ல, படுக்கையில இருக்கறவங்கள வீட்டுலயே பார்த்துக்கற ஏற்பாடு) வந்ததால பஞ்சாயத்து மூலமா நர்ஸ் வீட்டுக்கே வர்றாங்க. வார்டு மெம்பர்கிட்டயோ ஆஷா வர்க்கர்கிட்டயோ சொல்லி பேர் குடுங்க. நர்ஸ் வர்ற அன்னைக்கு கை வராதவங்கள கட்டில்ல படுக்க வெக்காம, சமையக்கட்டுல உக்காந்து காய் நறுக்கறத காட்டுங்க, நாற்காலி உயரம் சரியா இருக்கா, தோள்பட்டை இழுக்குதான்னு பார்க்க சொல்லி கேளுங்க.