லேஅவுட் ஃபைல் போடும் புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் புறநகரில் மனைப்பிரிவு அனுமதிக்கு ஃபைல் தயாரிக்கும் வேலைக்குப் புதிதாக வருபவர்களின் வரைபடங்கள் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே கோளாறுகள், இப்போது ஆட்டோகேடில். பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தையே அனுமதி என்று நம்புவது, பட்டாவில் பெயர் மாற்றாமல் விடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. அவை கவுன்ட்டரிலேயே பிடிபட்டுவிடும்.

வாய்க்காலைப் பார்க்காமல் மனை பிரிப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். பார்ட்டி இடத்தைக் காட்டுகிறார். ஜேசிபி விட்டு நிரவிய தரை, நான்கு பக்கமும் கல். பையன் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியில் அளந்து அந்த வாரமே சாலை, மனை எல்லாம் போட்டுவிடுகிறான். பட்டாவில் புஞ்சை, கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டிலும் புஞ்சை. அப்புறம் என்ன?

புறம்போக்கு என்று தனி சர்வே எண் உள்ள வாய்க்காலை யாரும் தவறவிடுவதில்லை. மாட்டிவிடுவது பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடும் வாய்க்கால்தான். அதற்குத் தனி எண் இருக்காது. எஃப்.எம்.பி. எனும் நில அளவை வரைபடத்தில் இரண்டு மெல்லிய கோடுகள் மட்டும் இருக்கும். நகல் மங்கலாக இருந்தால் அதுவும் போச்சு. அக்கம்பக்கத்து எண்களின் எஃப்.எம்.பி.க்களையும் வாங்கிச் சேர்த்து வைத்துப் பார்த்தால், மேற்கு எல்லையில் வந்து நிற்கும் இரட்டைக் கோடு கிழக்கு எல்லையில் மறுபடி கிளம்புவது தெரியும். நடுவில் இருப்பது நம் நிலம். தண்ணீர் என்ன, பறந்தா போயிருக்கும்?

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையை ஒட்டி மூன்று ஏக்கர் சொச்சம் இடம் ஒன்று. எல்லாம் வரைந்து முடித்து, நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்றுக்குப் போனார்கள். பொறியாளர் கிராம வரைபடத்தை விரித்தார். மேல் ஏரியின் உபரிநீர் வழியும் கலங்கலில் பேனாவை வைத்துக் கீழ் ஏரி வரைக்கும் மெதுவாக இழுத்தார். அதே கோட்டை லேஅவுட்டில் போட்டபோது அது 14ஆம் நம்பர் மனையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. கிழக்கு பார்த்த மனை என்று ஒருவர் அதற்கு முன்பணமே கொடுத்திருந்தார்.

"சார், பத்து வருஷமா பாக்குறேன், அங்க தண்ணியே ஓடலை" என்றார் பார்ட்டி. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பார்த்த அதிகாரியிடம் இந்தப் பேச்சு எடுபடுமா? அந்தப் பக்கத்து ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. ஒன்றின் உபரிநீர்தான் அடுத்ததன் வரத்து. வாய்க்காலை விட்டு, இரண்டு துண்டாகிப்போன நிலத்தைச் சேர்க்கச் சிறுபாலம் காட்டி, சாலைகளை மாற்றி, மொத்தமும் புதிதாக வரைய வேண்டியதாயிற்று. மனைகள் குறைந்தன. எவ்வளவு உயரத்துக்கு மண் நிரப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் சான்றோடு வந்தது. அந்தச் செலவைப் பார்ட்டி கணக்கிலேயே வைத்திருக்கவில்லை. முன்பணம் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல மட்டும் யாரும் முன்வரவில்லை.

ஆகவே முதல் கோடு போடுவதற்கு முன் உங்கள் எஃப்.எம்.பி., சுற்றியுள்ள எண்களின் எஃப்.எம்.பி., கிராம வரைபடம், நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பழைய அ-பதிவேடு எல்லாம் கையில் இருக்க வேண்டும். பழைய பதிவேட்டில் ஓடை என்றிருந்தது பின்னால் வேறாக மாறியிருக்கும். ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் "மழைக்கு இங்கே தண்ணி எப்படிப் போகும்?" என்று கேட்டுவிடுங்கள். சர்வேயருக்குத் தெரியாததும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஓ.எஸ்.ஆர். இடத்தை மிச்சமாக நினைப்பது

நிலம் 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக, அதாவது ஓ.எஸ்.ஆர். இடமாக, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். 12,000 சதுர மீட்டரில் சாலைக்கு 3,000 போனால், மீதி 9,000-க்கு 900. மொத்தத்துக்கும் கணக்குப் போட்டு 1,200 என்று பார்ட்டியைப் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். மனையாக விற்காத கோணல் மூலையை, மின்கம்பிக்கு அடியில் உள்ள பட்டையைப் பூங்கா என்று காட்டினால் ஃபைல் திரும்பி வரும். பூங்காவை முதலில் வையுங்கள், மனைகளை அதைச் சுற்றி.

மாஸ்டர் பிளானைக் கடைசியில் பார்ப்பது

எந்த இடம் எதற்கு என்று ஒதுக்கும் மாஸ்டர் பிளானில் உங்கள் இடம் விவசாய மண்டலம் என்றால் நில உபயோக மாற்றம் தனி ஃபைல், தனிக் காலம்.

ரெரா எண்ணுக்கு முன் ஃபிளெக்ஸ்

500 சதுர மீட்டரைத் தாண்டும் மனைப்பிரிவுக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு கட்டாயம். பதியாமல் விளம்பரம் செய்தாலோ விற்றாலோ திட்டச் செலவில் 10 சதவீதம் வரை அபராதம். "புக்கிங் ஆரம்பம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் படமும் விளம்பரம்தான்.